இடுப்பளவுக் கடல்

முனைக்காட்டில் ஆழம் போதவில்லை.
கால் மைல் நடந்துவிட்டேன்,
கொசுவம்கூட முழுதாய் நனையவில்லை.
இன்னும் உள்ளே போங்க மேடம், என்கிறது மெகாபோன்.
போகிறேன்.
மணலும் கூடவே வருகிறது.

கரையில் பாசி கட்டும் பெண்கள்
கயிறும் மூங்கிலுமாய்க் காத்திருக்கிறார்கள்.
நான் செத்து முடிந்தால்தான் அவர்களுக்கு வேலை.
ஆம்பளைச் சட்டை போட்டு
விரல்களில் துணி சுற்றிய ஒருத்தி,
பெயர் நம்புராணியாம், கத்திச் சொன்னாள்:
"இது பொம்பளைக் கடலுத்தா, ஆளைக் கொல்லாது.
சாகணும்னா ரோட்டைத் தாண்டித் தெக்கால போ.
அங்கனதான் ஆம்பளைக் கடலு."

யூனிட்டே சிரித்தது.
இயக்குநர் மட்டும் கொஞ்சம் யோசித்தார்.
தெற்கே அலை, மைக் இரையும்,
இன்ஷூரன்ஸும் கிடையாது.

இது எனக்கு ஆறாவது சாவு.
முதலில் ஸ்டவ். அப்புறம் மாடிப்படி.
மூன்றாவதில் சாகக்கூட இல்லை,
சம்பளம் கூட்டிக் கேட்ட மறுவாரம்
சிங்கப்பூர் போனவள் திரும்பவில்லை.
நான்கும் ஐந்தும் சுவரில் மாட்டிய படங்கள்.
மாலைக்குள் சிரிக்கிற ஒரு ஃபோட்டோவுக்கு
ஒரு நாள் பேட்டா தந்தார்கள்.

பத்தொன்பதில் கதாநாயகிக்குத் தங்கை.
படம் பெட்டியை விட்டு வரவேயில்லை.
பிறகு ஒரு திங்கட்கிழமை, மத்தியானம் இரண்டு மணி,
திரையின் அடியில் எழுத்து ஓடியது:
இவருக்குப் பதில் இனி இவர்.
இரண்டாவது இவர் நான்.
முன்னவளின் ரவிக்கையைப் பிரித்துத் தைத்து
முன்னவளின் தாலியைக் கழுத்தில் போட்டார்கள்.
கொக்கியில் அவள் முடி ஒன்று சிக்கியிருந்தது.
அவள் புருஷன் அரை நொடி திகைக்கவில்லை.
காபி கொண்டா, என்றார்.

முப்பத்தொன்றில் அம்மா.
என்னைவிட இரண்டு வயது மூத்தவன் மகன்.
ஷாட்டில் காலில் விழுவான்,
கேரவனில் வயதைக் கேட்பான்.
அப்போது காதோரம் வெள்ளை மை தீட்டினார்கள்.
இப்போது அந்த மைச் செலவு
கம்பெனிக்கு மிச்சம்.

சாப்பாட்டு இடைவேளையில் நம்புராணி வந்தாள்.
"மங்கையர்க்கரசிதானே நீ?"
"ஆமாக்கா."
அவள் முகம் சுருங்கிப் போயிற்று.
"கொரல் இல்லையே!
அந்தக் கொரலுக்குத்தானே ஏழரை மணிக்கு
உலையை இறக்கி வச்சிட்டு உக்காருறோம்."

அந்தக் குரல் சாலிகிராமத்தில்
ஒரு கண்ணாடி அறையில் இருக்கிறது.
பெயர் வைதேகி. பதினோரு வருஷத்தில்
ஒரே ஒரு முறை பார்த்தேன், லிஃப்டில், இருமலோடு.
என் ஒப்பாரியெல்லாம் அவளுடையது.
எனக்கென்று கண்ணீர் மட்டும்,
அதுவும் கிளிசரின்.

"உன் நெசப் பேரென்ன?"
தனபாக்கியம் என்றேன். ரேஷன் கார்டு தவிர
யாரும் அப்படிக் கூப்பிடுவதில்லை.
"எங்க தனம், சொந்தக் கொரல்ல ஒருக்கா அழு பாப்போம்."
வாயைத் திறந்தேன்.
வந்தது வைதேகியின் விக்கல்.

நாலரைக்கு வெளிச்சம் சரியானது.
கேமராமேன்தான் வழி சொன்னார்:
முட்டி போடுங்க மேடம்.
போட்டேன். கழுத்துவரை ஏறியது கடல்.
ஃபிரேமுக்குள் நான் நடுக்கடலில்.
அடியிலோ ஏதோ வேண்டுதல்போல
மணலில் பதிந்த என் இரண்டு முட்டிகள்.
பொடி மீன்கள் கொசுவத்துக்குள் நுழைந்து நுழைந்து
வேண்டாமென்று திரும்பின.
மூச்சைப் பிடித்துத் தலையை இறக்கினேன்.
காதுக்குள் யார் குரலும் இல்லை.
கட் சொல்லியிருப்பார்கள்.
இன்னும் கொஞ்சம் இருந்தேன்.

எழுந்தபோது அந்தப் பெண்கள்
என்னைக் கடந்து மிதவைக்குப் போய்க்கொண்டிருந்தார்கள்,
அதே இடுப்பளவில்,
யாரோ ஒருத்தியின் சீட்டுப் பணத்தைப் பற்றிப் பேசியபடி.

மண்டபம் லாட்ஜில், ஜன்னல் கம்பியில்
புடவை உப்புப் பூத்துக் காய்கிறது.
நாளைக்கு குளோசப் பாக்கி.
கண்டினியூட்டிக்காகக் காலையில்
அதை மறுபடி நனைக்க வேண்டும்.
குழாய்த் தண்ணியே போதும்க்கா, என்கிறான்
காஸ்ட்யூம் பையன்.